சிஸ்லாக் 21 ஜிபி: அழித்தும் இடம் வரவில்லை

கேள்வி | ஜூன் 3, மாலை 6.20

கடையில் ஒரு உபுண்டு லினக்ஸ் டெஸ்க்டாப் இருக்கிறது. ஜெராக்ஸ், பிரிண்ட் அவுட், ஆன்லைன் அப்ளிகேஷன் எல்லாம் அதில்தான். ரூட் பார்டிஷன் 60 ஜிபி. இன்று காலையில் ஆன் செய்தால் பாஸ்வேர்டு கேட்கிறது, கொடுத்தால் மறுபடியும் பாஸ்வேர்டு திரைக்கே வந்து நிற்கிறது. கடைப் பையன் கறுப்புத் திரையில் போய்ப் பார்த்து, சிஸ்லாக் என்று, மெஷினில் நடப்பதையெல்லாம் குறித்து வைக்கும் லாக் கோப்பு ஒன்று 21 ஜிபி என்றான். அழித்தோம். டிஸ்க் எவ்வளவு நிறைந்தது என்று சொல்லும் டிஎஃப் கட்டளையைப் போட்டால் இன்னும் 100% என்கிறது. அழித்தது எங்கே போனது? இந்த லாக் எழுதுவதையே ஒரேயடியாக நிறுத்த வழி உண்டா தம்பி? எனக்கு அது ஒரு நாளும் பயன்பட்டதில்லை.

ஜூன் 3, இரவு 9.50

அண்ணாச்சி, அழித்தது எங்கேயும் போகவில்லை. அதே இடத்தில்தான் இருக்கிறது. பெயர் மட்டும் போயிருக்கிறது.

லினக்ஸில் அழிக்கும் கட்டளையான ஆர்எம் கொடுத்தால் அடைவிலிருந்து, அதாவது ஃபோல்டரிலிருந்து, பெயர்தான் நீங்கும். அந்தக் கோப்பை ஏதாவது ஒரு நிரல் திறந்து வைத்திருந்தால், அது மூடுகிறவரை டிஸ்கில் ஒரு பைட் கூட விடுபடாது. வீட்டில் ஆள் குடியிருக்க, வாசல் பெயர்ப் பலகையை மட்டும் நீங்கள் கழற்றி வந்திருக்கிறீர்கள். உள்ளே இருப்பவர் ஆர்சிஸ்லாக், லாக்கை எழுதும் சேவை. அவர் இன்னும் அதே கோப்பில்தான் எழுதிக்கொண்டிருக்கிறார். கோப்புகளின் அளவைச் சொல்லும் டியூ கட்டளை பெயரைப் பார்த்துக் கூட்டும், டிஎஃப் டிஸ்கையே கேட்கும். இரண்டும் சொல்கிற கணக்குக்கு நடுவில் பெரிய இடைவெளி இருந்தால் முதல் சந்தேகம் இதுவாக இருக்க வேண்டும். எல்எஸ்ஓஎஃப் கட்டளைக்குப் பக்கத்தில் கூட்டல் குறி, பெரிய எல், ஒன்று என்று சேர்த்துக் கொடுங்கள். பெயர் போயும் திறந்தே கிடக்கும் கோப்புகள் வரிசையாக வரும்.

இப்போதைக்குச் செய்ய வேண்டியது: சிஸ்டம்சிடிஎல் மூலம் ஆர்சிஸ்லாக் சேவையை ரீஸ்டார்ட் செய்யுங்கள். 21 ஜிபி அப்போதே திரும்பி வரும்.

பாஸ்வேர்டு திரை திரும்பத் திரும்ப வருவதற்கும் காரணம் இதுதான். உள்ளே நுழையும்போது டெஸ்க்டாப் உங்கள் ஹோமில் சில சின்னக் கோப்புகளை எழுதியாக வேண்டும். எழுத இடமில்லை என்றால் பேசாமல் வெளியே தள்ளிவிடும். பாஸ்வேர்டு தப்பு என்று நினைத்து நாலு தடவை தட்டி, கேப்ஸ் லாக்கைத் திட்டுவோம். கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 அழுத்திக் கறுப்புத் திரைக்குப் போன பையன் கெட்டிக்காரன், சொல்லிவிடுங்கள். 100% நிறைந்த பிறகும் ரூட்டுக்கு, அதாவது எல்லா அதிகாரமும் உள்ள கணக்குக்கு, அங்கே வேலை செய்ய முடிகிறதே, எப்படி என்றால், டிஸ்கில் கோப்புகளை அடுக்கும் இஎக்ஸ்டி4 முறை வழக்கமாக 5% இடத்தை ரூட்டுக்கென்று ஒதுக்கி வைத்திருக்கும். 60 ஜிபியில் 3 ஜிபி. ஆபத்துக்கு அஞ்சறைப் பெட்டியில் ஒளித்து வைத்த காசு மாதிரி.

கட்டளைகளை வேண்டுமென்றேதான் தமிழில் எழுதுகிறேன். நகலெடுத்து ஒட்டினால் ஓடாது. ரூட் அதிகாரத்தில் செய்கிற வேலையை ஒவ்வொரு எழுத்தாகத் தட்டுவதே நல்லது. இதற்கு ஒரு பழைய காயம் உண்டு, பிறகு சொல்கிறேன்.

ஜூன் 3, இரவு 10.15

விட்டுப்போனது. அடுத்த தடவை ஆர்எம் வேண்டாம். ட்ரங்கேட் கட்டளைக்குச் சின்ன எஸ், பூஜ்யம் கொடுத்து கோப்பின் பெயரைச் சொன்னால், பெயர் அப்படியே இருக்கும், உள்ளே மட்டும் காலியாகும். திறந்து வைத்திருக்கும் நிரலும் கலங்காது.

சிலர் ரூட் அதிகாரம் தரும் சூடோவைப் போட்டு, கணக்கில் வரும் 'விடப் பெரியது' குறியை வைத்துக் கோப்பைக் காலியாக்கப் பார்ப்பார்கள். பர்மிஷன் டினைட் வரும். சூடோ போட்டும் ஏன் என்று ஒரு நாள் முழுக்கக் குழம்பியிருக்கிறேன். அந்தக் குறியைக் கவனிப்பது உங்கள் ஷெல், நீங்கள் தட்டுவதை வாங்கி நடத்தும் நிரல். சூடோவின் அதிகாரம் அதன் வலப்பக்கம் இருக்கிற கட்டளைக்குத்தான், ஷெல்லுக்கு இல்லை.

ஜூன் 4, காலை 7.30

இடம் வந்துவிட்டது என்று அண்ணாச்சி எழுதியிருக்கிறார். "ஆனால் 21 ஜிபிதான் வந்தது, பாதிக்கு மேல் இன்னும் நிறைந்தே இருக்கிறது" என்றும் ஒரு குறை. பையன் சிஸ்லாக்கை மட்டும் பார்த்திருக்கிறான். அதே வார் லாக் அடைவில் கெர்ன் லாக் என்று ஒன்று 20 ஜிபி இருக்கிறது. ஜர்னல் அடைவு 4 ஜிபி. சிஸ்டம் 12 ஜிபி. ரூட்டுக்கென்று ஒதுக்கியது 3 ஜிபி. கூட்டினால் 60. கணக்கு நேர்.

உபுண்டுவில் ஆர்சிஸ்லாக்கின் வழக்கமான ஏற்பாடு அப்படி. லினக்ஸின் மையமான கெர்னல் சொல்லும் ஒவ்வொரு வரியும் கெர்ன் லாக்கிலும் போகும், சிஸ்லாக்கிலும் போகும். அதற்கு முன்பே, சேவைகளைத் தொடங்கி நடத்தும் சிஸ்டம்டியின் ஜர்னல் தன் பிரதியை எடுத்து வைத்துக்கொண்டிருக்கும். ஒரே புலம்பல், மூன்று பிரதி. சிஸ்லாக் என்பது 1980களில் எரிக் ஆல்மன் சென்ட்மெயில் என்ற மெயில் நிரலுக்காக எழுதியது. ஆர்சிஸ்லாக் 2004இல் வந்தது. ஜர்னல் 2011இல். புது மருமகள் வந்தும் மாமியார் சாவிக்கொத்தை விடவில்லை. உபுண்டுவுக்கு மூலமான டெபியன்தான் 2023இல் தன் 12ஆம் பதிப்பில் துணிந்து, நிறுவும்போதே ஆர்சிஸ்லாக்கைச் சேர்க்கும் வழக்கத்தை விட்டது.

மூன்றில் ஜர்னலுக்கு மட்டும் அடக்கம் உண்டு. ஒன்றும் சொல்லாவிட்டால் பார்டிஷனில் 10% வரைதான் எடுக்கும், அதுவும் 4 ஜிபிக்கு மேல் போகாது. உங்கள் 4 ஜிபிக்குக் காரணம் இதுதான். மற்ற இரண்டுக்கும் கடிவாளம், பழைய லாக்கைச் சுற்றி ஒதுக்கிப் புதிதைத் தொடங்கி வைக்கும் லாக்ரொட்டேட் கையில். அதன் அமைப்புக் கோப்பில் ஆர்சிஸ்லாக் பகுதிக்குப் போய் மேக்ஸ்சைஸ் 200எம் என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். முடிந்தது.

ஜூன் 4, மாலை 7.10

முடியவில்லை. காலையில் நான் எழுதியது அரைகுறை. "உங்கள் வரியைச் சேர்த்தேன், கடை சாத்தும்போது சிஸ்லாக் 4 ஜிபி" என்கிறார்.

லாக்ரொட்டேட் காவலுக்கு உட்கார்ந்திருக்கும் ஆள் இல்லை. நாளுக்கு ஒரு தடவை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போகும். 200 எம்பியைத் தாண்டியதா என்று அது பார்ப்பதே அந்த ஒரு தடவைதான். நடுவில் கோப்பு எவ்வளவு ஊதினாலும் அதற்குத் தெரியாது. டைமரை மணிக்கு ஒரு தடவை ஆக்கலாம். நானே ஒரு இயந்திரத்தில் அப்படிச் செய்து வைத்திருந்தேன். சுற்றிவிட்ட கோப்பை ஜிஜிப்பால் அமுக்கினால் இடம் மிச்சமாகும்தான், ஆனால் அமுக்கி முடிக்கும்வரை இரண்டும் டிஸ்கில் இருக்க வேண்டும். டிஸ்க் நிறைந்த வேளையில் அந்த வேலையும் பாதியில் நிற்கும்.

ஆனால் அண்ணாச்சி, ஒரு பகலில் 4 ஜிபி என்றால் கூட்டிப் பெருக்கும் வேலையை நிறுத்திவிட்டு, குப்பை எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும். நேற்றே கேட்டிருக்க வேண்டும், கேட்காதது என் தப்பு. சிஸ்லாக்கின் கடைசி இருபது வரியை டெய்ல் போட்டு எடுத்து அனுப்புங்கள். எடிட்டரில் திறக்காதீர்கள். பல ஜிபி கோப்பைப் படம் பார்ப்பதுபோல் திறக்கப் போனால் மெமரி முழுவதும் அதற்கே போய், மவுஸ் கூட நகராது.

ஜூன் 5, காலை 6.45

வந்த இருபது வரியும் நாலே வரிதான். ஐந்து தடவை.

பிசிஐஇபோர்ட் என்று தொடங்கி, ஏஇஆர், கரெக்டட் எரர் ரிசீவ்டு. அடுத்த வரி: பிசிஐஇ பஸ் எரர், செவெரிட்டி கரெக்டட், டைப் ஃபிசிகல் லேயர். அடுத்தது அந்தப் போர்ட்டின் எண்ணும் எரர் ஸ்டேட்டஸும். நாலாவது சின்ன வரி: ஆர்எக்ஸ் எரர். மறுபடி முதல் வரி. நேரத்தைப் பாருங்கள், இருபது வரிக்கும் அதே நொடி.

இது லினக்ஸ் ஆட்களிடம் பேர்போன வரி. மதர்போர்டில் ஒரு கார்டு பேசுவது சரியாகக் கேட்கவில்லை, திரும்பச் சொல்லச் சொல்லி வாங்கிக்கொண்டேன், வேலை நடக்கிறது என்று பொருள். பிழைதான், ஆனால் திருத்தப்பட்ட பிழை. அதனால்தான் உங்களுக்கு இன்டர்நெட்டும் ஓடியது, பிரிண்டும் வந்தது, ஒரு குறையும் தெரியவில்லை. குறை சொல்லிக்கொண்டே வேலையைச் செய்து முடிக்கிற ஆள் கடைக்கு ஒருவர் இருப்பாரே, அவர்.

கணக்குப் போடலாம். நொடிக்கு ஆயிரம் வரி, வரிக்கு 120 பைட் என்று வையுங்கள். நொடிக்கு 120 கேபி. மணிக்கு 432 எம்பி. கடை பத்து மணி நேரம் திறந்திருக்கிறது, 4.3 ஜிபி. நீங்கள் சொன்ன 4 ஜிபிக்கு ஒட்டி வருகிறது. 21 ஜிபி சேர ஐந்து நாள் போதும். உபுண்டுவில் சிஸ்லாக்கைச் சுற்றுவது வாரத்துக்கு ஒரு முறை. வாரம் முடிவதற்குள் டிஸ்க் முடிந்துவிட்டது.

அப்படியானால் போன வாரம்தான் ஏதோ நடந்திருக்கிறது. என்ன மாற்றினீர்கள்?

ஜூன் 5, மதியம் 1.30

"ஒன்றும் மாற்றவில்லை தம்பி." அரை மணி கழித்து: "வைஃபை கார்டு ஒன்று போட்டோம், அது கணக்கில் வருமா?"

வரும் அண்ணாச்சி.

மெஷினில் சொருகிய கார்டுகளைப் பட்டியலிடும் எல்எஸ்பிசிஐ போட்டுப் பாருங்கள், லாக்கில் இருக்கும் எண்ணுக்குப் பின்னால் அந்தக் கார்டுதான் உட்கார்ந்திருக்கும்.

ஜூன் 5, இரவு 11.00

இந்த வரிக்கு இணையத்தில் தேடினால் கிடைக்கும் முதல் மருந்து: மெஷினைப் பூட் செய்யும் கிரப்பின் அமைப்பில் கெர்னலுக்குப் போகும் வரியில் பிசிஐ சமம் நோஏஇஆர் என்று சேர்த்து, அப்டேட்-கிரப் ஓட்டி, ரீபூட். அந்த நிமிஷமே லாக் அடங்கும். ஆனால் அடங்குவது லாக் மட்டும். கார்டு அப்படியேதான் திணறும், கெர்னல் சொல்வதை நிறுத்திவிடும். நாளைக்கு எஸ்எஸ்டியோ வேறு கார்டோ உண்மையாகவே சாகும்போதும் இந்த வழியாகச் சேதி வராது.

இரண்டாவது மருந்து: பிசிஐஇ ஏஎஸ்பிஎம் ஆஃப். கார்டுக்கு வேலையில்லாத நேரத்தில் இணைப்பைத் தூங்க வைத்து மின்சாரம் மிச்சம் பிடிக்கும் ஏற்பாடு அது. தூங்கி எழும்போதுதான் பல கார்டுகள் இப்படி உளறும். லேப்டாப்பில் நிறுத்தினால் பேட்டரிக்கு நஷ்டம், கடை டெஸ்க்டாப்பில் அந்தக் கவலை இல்லை. எனக்கு இரண்டில் இதுவே மேல்.

இரண்டுக்கும் முன்னால் ஒன்று. அண்ணாச்சி, மெஷினை ஆஃப் செய்து, பிளக்கைப் பிடுங்கி, கார்டைக் கழற்றி, திரும்ப அழுத்தமாகச் சொருகிப் பாருங்கள்.

ஜூன் 7, காலை 9.15

அவர் எழுதியதை அப்படியே தருகிறேன்: "கார்டை எடுத்தால் மஞ்சள் பல்லில் பிசுக்கு. பையன் ஸ்கூல் அழிரப்பரை வைத்து ராம் துடைப்பதுபோல் துடைத்தான். சொருகி ஸ்க்ரூ முடுக்கினோம். முன்னால் ஸ்க்ரூ போடாமல் விட்டிருந்தார்கள். நேற்று முழுக்க கடை ஓடியும் சிஸ்லாக் ஒன்றரை எம்பி."

கெர்னல் பாராமீட்டர் இல்லை, லாக்ரொட்டேட் டைமர் இல்லை. ஒரு அழிரப்பர், ஒரு ஸ்க்ரூ. எனக்குக் கொஞ்சம் பொறாமையாகத்தான் இருக்கிறது. எல்லோருக்கும் இப்படித் தீராது. கார்டும் மதர்போர்டும் ஒத்துப்போகாத இடத்தில் ரப்பர் தேய்ந்ததுதான் மிச்சமாகும். அதிகம் தேய்த்தால் தங்க முலாமும் போய்விடும், இரண்டு இழுப்பு போதும்.

ஜூன் 8, இரவு 10.20

பழைய காயத்தைச் சொல்கிறேன் என்றேன்.

அப்போது எனக்கும் லாக் என்றால் குப்பைதான். ஒரு சின்ன அலுவலகத்தின் டெஸ்க்டாப், அதில்தான் உள்ளுக்குள் பார்க்கும் ஒரு வெப் பக்கமும் ஓடியது. டிஸ்க் நிறைந்தது. எங்கேயோ பார்த்த கட்டளையை நகலெடுத்து ஒட்டினேன். வார் லாக் அடைவுக்குள் இருந்ததையெல்லாம் அது துடைத்தது. கோப்புகளை மட்டும் இல்லை, உள்ளே இருந்த அடைவுகளையும். இடம் வந்தது. பாராட்டும் வந்தது. டீ வாங்கிக் கொடுத்தார்கள்.

மறுநாள் காலையில் ரீபூட் ஆனதும் அந்த வெப் பக்கத்தைத் தரும் அப்பாச்சி எழவில்லை. காரணம் பார்க்கலாம் என்றால் பார்க்க வேண்டிய லாக்கே இல்லை. அதுதான் காரணமும். தன் லாக் அடைவு இல்லாவிட்டால் அப்பாச்சி தொடங்காது. அடைவை அதுவாக உண்டாக்கிக்கொள்ளாது. ஒரு எம்கேடிர் போட வேண்டிய வேலைக்கு மதியம் இரண்டு மணி வரை பேக்கேஜைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தேன். டீ வாங்கிக் கொடுத்தவர் அன்றைக்குப் பக்கத்தில் வரவே இல்லை.

அதனால் அழிக்கிறதானால் கோப்பைக் காலி செய்யுங்கள், அடைவில் கை வைக்காதீர்கள். சுற்றி முடிந்து ஜிஇசட் என்று முடியும் பழைய கோப்புகளை அழிக்கலாம், அவற்றை யாரும் திறந்து வைத்திருப்பதில்லை.

ஜூன் 12, இரவு 9.30

வேறொரு வாசகர்: "ஜர்னலை ராமில் மட்டும் வைத்துக்கொண்டால் டிஸ்க் நிறையும் பேச்சே இல்லையே? எஸ்எஸ்டிக்கும் தேய்மானம் குறையும்."

ஜர்னல்டி அமைப்பில் ஸ்டோரேஜ் சமம் வோலட்டைல் என்று போட்டால் அப்படித்தான். ரன் அடைவுக்குள், ராமில் இருக்கும், ஆஃப் செய்தால் போய்விடும். இரண்டு வருஷம் வீட்டு மெஷினை அப்படித்தான் வைத்திருந்தேன். பார்க்கிறவர்களிடமெல்லாம் சிபாரிசும் செய்தேன். கேட்டு அப்படிச் செய்தவர்கள் இங்கே யாராவது இருந்தால் மன்னிக்கவும்.

ஒரு கோடையில் அந்த மெஷின் திடீர் திடீரென்று அணைந்தது. கரண்ட் போய் வந்திருக்கும், யுபிஎஸ் தாங்கவில்லை என்று முடிவு கட்டி யுபிஎஸ் பேட்டரி மாற்றினேன். மறுபடியும் அணைந்தது. அடுப்படியில் மிக்ஸி ஓடும்போதே இது மட்டும் அணைந்த அன்றைக்குத்தான் சந்தேகம் வந்தது. ஆனால் என்ன நடந்தது என்று கேட்க யாரும் இல்லை. ஒவ்வொரு தடவையும் சாட்சி மெஷினோடு சேர்ந்தே செத்துப்போனார்.

வோலட்டைலை பெர்சிஸ்டன்ட் ஆக்கினேன். அடுத்த தடவை அணைந்து எழுந்ததும் ஜர்னல்சிடிஎல்லுக்குச் சின்ன பி, கழித்தல் ஒன்று கொடுத்து, போன பூட்டின் கடைசிப் பக்கத்தைப் பார்த்தேன். தெர்மல் ஜோன், க்ரிட்டிகல் டெம்பரேச்சர் ரீச்டு, ஷட்டிங் டவுன். ஹீட்சிங்க்கைத் திறந்தால் மெத்தைப் பஞ்சு மாதிரி தூசி. பிரஷ்ஷும் புதுப் பேஸ்ட்டும்தான் செலவு. யுபிஎஸ் பேட்டரிக்குக் கொடுத்த காசை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

இப்போது என் ஏற்பாடு: டிஸ்கில்தான் ஜர்னல், சிஸ்டம்மேக்ஸ்யூஸ் 300எம். பெரிய கோப்பில் கை வைக்காமல், ஜர்னல்டி கான்ஃப் டி என்ற அடைவுக்குள் இரண்டு வரிக் கோப்பாக வைத்திருக்கிறேன், அப்டேட் வந்தாலும் கலையாது. சேவையை ஒரு தடவை ரீஸ்டார்ட் செய்தால் போதும்.

ஜூன் 13, காலை 8.00

நேற்று எழுதியதில் ஒரு ஓட்டை இருக்கிறது என்று அதே வாசகர் பிடித்துவிட்டார். "கரண்ட் பட்டென்று போனால் கடைசி வரிகள் டிஸ்குக்குப் போயிருக்குமா?"

எல்லாம் போயிருக்காது. ஜர்னல் டிஸ்கில் உறுதியாக எழுதி முடிப்பது வழக்கமாக ஐந்து நிமிஷத்துக்கு ஒரு முறை. க்ரிட்டிகல், அதற்கும் மேல் என்று முத்திரை குத்திய வரி வந்தால் மட்டும் உடனே எழுதும். என் வெப்ப வரி பிழைத்தது அதனால்தான். பட்டென்று கரண்ட் போனால் அடுத்த பூட்டில் "கரப்டட் ஆர் அன்க்ளீன்லி ஷட் டவுன், ரீனேமிங் அண்ட் ரீப்ளேசிங்" என்று ஜர்னல் சொல்லும். பயப்பட வேண்டாம். பழைய கோப்பின் பெயருக்குப் பின்னால் ஒரு நெளிகோடு போட்டு ஓரமாக வைத்துவிட்டுப் புதிதாகத் தொடங்குகிறது, அவ்வளவுதான். மின்வெட்டு அதிகமான ஊர்களில் ஜர்னல் அடைவைத் திறந்தால் வரிசையாக நெளிகோடு. அதை எண்ணியே போன மாதம் எத்தனை தடவை கரண்ட் போனது என்று சொல்லிவிடலாம்.

ஜூன் 13, காலை 8.25

இன்னொன்று. ஜர்னலைச் சுருக்க வேக்யூம்-சைஸ் 200எம் கொடுத்தேன், 400 எம்பிக்குக் கீழே இறங்கவில்லை என்கிறார் ஒருவர். மூடி வைத்த பழைய கோப்புகளை மட்டும்தான் அது அழிக்கும், இப்போது எழுதிக்கொண்டிருப்பதைத் தொடாது. முதலில் ரொட்டேட், பிறகு வேக்யூம்.

ஜூன் 20, இரவு 10.45

நண்பர் ஒருவரின் லினக்ஸ் மின்ட். வார் லாக் சுத்தம், ஜர்னல் 100 எம்பி, ஆனாலும் இடம் போகிறது. எது எவ்வளவு இடம் என்று காட்டும் என்சிடியூ ஓட்டியதில் அவர் ஹோமில் புள்ளியில் தொடங்கும் மறைவான கோப்பு, எக்ஸ்செஷன்-எரர்ஸ், 9 ஜிபி. திரையில் ஓடும் நிரல்கள் முனகுவதெல்லாம் விழும் இடம் அது. டெபியன் வழி வந்தவற்றில், மிகப் பெரிதாகிவிட்டால் உள்ளே நுழையும்போது வெட்டிச் சின்னதாக்கும் ஏற்பாடு உண்டு. இவர் எங்கே உள்ளே நுழைகிறார்? மூடி வைத்துத் திறப்பதோடு சரி, மாதக்கணக்கில் லாக் அவுட்டே இல்லை.

முன்பு இதற்கு நான் சொல்லும் வைத்தியம், அந்தப் பெயரை டெவ் நல்லுக்குச் சுட்டிவிடுவது. எழுதுவதெல்லாம் கிணற்றில் போட்ட கல். இப்போது சொல்வதில்லை. அங்கே பல வரிகள் அடைப்புக்குறிக்குள் நிரலின் பெயரோடுதான் தொடங்குகின்றன. கடைசி நூறு வரியைப் பார்த்தால் கத்துவது யார் என்று தெரிந்துவிடும். இவருக்குப் பேனலில் உட்கார்ந்திருந்த வானிலைச் சின்னம். வெளியே வெயில் என்று சொல்ல 9 ஜிபி. அதைக் கழற்றினோம்.

அந்தக் கோப்பில் ஒரு வேடிக்கை. அவர் கோப்புகளுக்கெல்லாம் தமிழில் பெயர் வைப்பவர். எழுத்துகளைப் பைட்டாக்கும் யூடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியீடும் மூன்று பைட். "தமிழ்" என்ற சொல்லுக்கு த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று ஐந்து குறியீடு, 15 பைட். ஆங்கிலத்தில் எழுதினால் ஐந்து பைட். தாய்மொழியில் புலம்பினால் டிஸ்க் மூன்று மடங்கு வேகமாக நிறையும். ஆனாலும் ஜிஜிப் இதையெல்லாம் நன்றாகவே அமுக்குகிறது. திரும்பத் திரும்ப ஒன்றையே சொல்வதை அமுக்குவது அதற்குக் கைவந்த கலை.

ஜூலை 2, இரவு 9.10

பெரிய லாக்கெல்லாம் பழுதான கார்டு, கோளாறு நிரல் என்று இதுவரை எழுதியதில் ஒரு வகை விட்டுப்போனது.

என் வீட்டு டெஸ்க்டாப்பில் பிடிஎம்பி என்ற கோப்பு 290 எம்பி. சாதாரணமாகச் சில கேபிதான் இருக்கும். தோற்றுப்போன லாகின் முயற்சிகள் சேரும் இடம் அது. டெய்ல் போட்டால் குப்பையாகத் தெரியும், லாஸ்ட்பி என்ற கட்டளையில்தான் படிக்க வேண்டும். ஒரு முயற்சிக்கு 384 பைட். வகுத்துப் பாருங்கள், ஏழரை லட்சம் தடவை யாரோ என் கதவைத் தட்டியிருக்கிறார்கள். ரூட், அட்மின், டெஸ்ட், பை என்று பெயரை மாற்றி மாற்றி.

அலுவலகத்திலிருந்து ஒரு கோப்பை எடுக்க வேண்டும் என்று ரவுட்டரில், வெளியிலிருந்து லாகின் செய்யும் வழியான 22ஆம் போர்ட்டைத் திறந்தவன் மூடவில்லை. எத்தனை மாதம் என்று எழுத வெட்கமாக இருக்கிறது. கதவு நின்றது, பாஸ்வேர்டு கொஞ்சம் நீளம் என்பதால். போர்ட்டை மூடினேன், பாஸ்வேர்டு லாகினை நிறுத்திச் சாவிக் கோப்பு மட்டும் என்றாக்கினேன். அதற்குப் பிறகுதான் கோப்பைக் காலி செய்தேன். முதல் நாளே காலி செய்திருந்தால் இடம் கிடைத்திருக்கும், சேதி போயிருக்கும்.

ஜூலை 9, மாலை 6.00

"லாக் என்பதற்குத் தமிழில் என்ன?" பதிகை, பதிவேடு, செயற்குறிப்பு என்று மூன்று நான்கு ஓடுகின்றன. எனக்குப் பதிவேடு பிடிக்கும், ஆனால் போனில் "பதிவேடு நிறைஞ்சிடுச்சா?" என்று கேட்டால் எந்த அலுவலகம் என்பார்கள்.

ஆங்கிலத்திலும் அது கட்டைதான். பாய்மரக் கப்பலில் முடிச்சுப் போட்ட கயிற்றில் ஒரு மரக்கட்டையைக் கட்டிக் கடலில் எறிவார்கள். எத்தனை முடிச்சு ஓடுகிறது என்று எண்ணினால் வேகம். அதை எழுதி வைத்த புத்தகம் கட்டைப் புத்தகம். நாம் அதையும் லாக் என்றே எழுதி, பூட்டும் லாக்கோடு குழப்பிக்கொள்கிறோம். கேப்ஸ் லாக்கைத் திட்டியவர்கள் நினைவு வருகிறது.

ஆகஸ்ட் 11, இரவு 8.40

அண்ணாச்சி திரும்ப வந்திருக்கிறார். புதுக் கவலை. "தம்பி, டிஸ்க் 31%தான். ஆனால் சிஸ்லாக் இரண்டு மாதமாக எம்பிக் கணக்கைத் தாண்டவே இல்லை. எழுதுவது நின்றுபோய்விட்டதா? ஏதாவது கெட்டுவிட்டதா?"

ஒரேயடியாக நிறுத்த வழி கேட்டவர் இவர்தான் என்பதை ஜூன் 3ஐப் பார்த்து உறுதி செய்துகொண்டேன்.

லாகர் என்று ஒரு கட்டளை உண்டு அண்ணாச்சி. பக்கத்தில் எதை எழுதினாலும் அதைக் கொண்டுபோய் லாக்கில் ஒரு வரியாகச் சேர்க்கும். ஏதாவது எழுதி, உடனே டெய்ல் போட்டுப் பாருங்கள். வந்தால் எழுதுகிற ஆள் விழித்திருக்கிறார்.

ஆகஸ்ட் 11, இரவு 9.05

படம் அனுப்பியிருக்கிறார். தேதி, நேரம், கடையின் பெயரையே வைத்த மெஷின் பெயர், அதற்குப் பின்னால் பையன் தட்டிய சொல்: வணக்கம். 21 பைட்.